பூரட்டாதிக்குப் பக்கத்து விண்மீன்



தீபாவளி மாதத்து இதழின் அட்டையில் பட்டுப்புடவையும் பலகாரத் தட்டும் இல்லாமல், மலையுச்சியில் நிற்கும் தொலைநோக்கிக் கூடம் ஒன்றைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். எங்கள் விற்பனைப் பிரிவு நண்பர்கள் உங்களுக்கு முன்பே சுளித்துவிட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனையும் ஒரு கோள் சுற்றிவருகிறது என்று மனிதருக்குத் தெரியவந்து 2025 அக்டோபரோடு முப்பது ஆண்டு ஆகிறது. 1995 அக்டோபர் 6ஆம் தேதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் அதை அறிவித்தவர் ஜெனிவா பல்கலைக்கழகப் பேராசிரியர் மிஷெல் மேயர். கண்டுபிடிப்பில் சரிபாதிப் பங்கு அவருடைய மாணவர் திதியே கெலோவுக்கு. அதற்கு முன்பே, 1992இல், செத்துப்போன விண்மீனின் எச்சமான பல்சார் ஒன்றைச் சுற்றும் கோள்கள் அகப்பட்டிருந்தன. ஆனால் அங்கே பகலும் இல்லை, சூரியன் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அதனால்தான் 1995ஐத் தொடக்கமாக வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

2025 செப்டம்பரில், இப்படிப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தொட்டுவிட்டதாக நாசா அறிவித்தது. செய்தியைப் படித்த வாசகி ஒருவர், பள்ளி ஆசிரியை, எங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். "இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் கண்ணாலோ படத்திலோ பார்த்ததில்லை என்கிறீர்கள். பார்க்காததை எண்ணிக்கை மட்டும் பிசகாமல் எப்படிச் சொல்கிறார்கள்? மாணவர்கள் கேட்டால் நான் என்ன சொல்ல?" நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். 6,000 கோள்களையும் கட்டி இழுக்காமல் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் வானியல் துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜெனிவாக்காரர்கள் விண்மீன், கோள், தொலைதூர விண்மீன் மண்டலம் என்று மூன்றையும் ஆராய்கிறார்கள். கேட்பதற்கு மூன்று தனித்தனிக் கடைகள் போலத் தோன்றினாலும், உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றிலும் ஒரு வேலை பொதுவாக நடக்கிறது. விண்மீன் ஒளியில் இருக்கும் கோடுகள் எவ்வளவு இடம் மாறியிருக்கின்றன என்று அளப்பதுதான் அது.

முதலில் அந்த விண்மீனை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பூரட்டாதியைத் தெரியும். வானத்தில் பூரட்டாதி என்பது இரண்டு பிரகாசமான விண்மீன்கள். பக்கத்து உத்திரட்டாதியின் இரண்டையும் சேர்த்தால் பெரிய சதுரம் ஒன்று கிடைக்கும். மேலைநாட்டார் பெகாசஸ் என்னும் சிறகு முளைத்த குதிரையை அங்கே வைத்திருக்கிறார்கள். பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களையும் இணைத்து மனத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நடுப்பகுதிக்குச் சற்று மேற்கே, சதுரத்துக்கு வெளியே, மங்கலாக ஒன்று இருக்கும். அதுதான் 51 பெகாசி. தூரம் ஏறக்குறைய 50 ஒளியாண்டு. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. தெருவிளக்கு எட்டாத கிராமத்தில் கூர்மையான கண்ணுக்குத் தென்படும், பைனாகுலர் இருந்தால் எளிது. ஐப்பசி இரவு ஒன்பது மணிக்கு அநேகமாக நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஆனால் ஐப்பசி நமக்கு அடைமழை மாதம், போதாக்குறைக்குப் பட்டாசுப் புகை வேறு. தை பிறந்ததும் இருட்டியவுடன் மேற்கு வானில் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

மிஷெல் மேயர் கோள் தேடப் பிறந்தவர் அல்லர். 1971இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு பால்வீதியின் சுருள் கரங்களைப் பற்றியது. நம் அக்கம்பக்கத்து விண்மீன்கள் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகின்றன என்று தெரிந்தால், சுருள் கரங்கள் அவற்றை எப்படி இழுக்கின்றன என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு நிறைய விண்மீன்களின் வேகம் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு விண்மீனின் வேகத்தை அளப்பதென்றால் ஒளிப்படத் தகட்டில் நிறமாலையைப் பதிந்து, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, கோடு கோடாக அளக்க வேண்டும். ஒரு விண்மீனுக்கே பொழுது போய்விடும்.

கேம்பிரிட்ஜில் ரோஜர் கிரிஃபின் 1967இல் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். நிறமாலையில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் இருக்கின்றன. விண்மீனின் மேலடுக்கில் உள்ள இரும்பு, கால்சியம், சோடியம் போன்ற தனிமங்கள் தத்தமக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொண்ட தடங்கள் அவை. விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அத்தனை கோடுகளும் நீலப் பக்கம் ஒதுங்கும், விலகினால் சிவப்புப் பக்கம். ஒவ்வொன்றாக அளப்பானேன்? கோடுகள் இருக்கும் இடத்தில் மட்டும் துளைகள் கொண்ட ஒரு தகட்டைச் செய்து நிறமாலைக்கு முன்னால் வைத்து நகர்த்தினால், துளைகளும் கருங்கோடுகளும் அச்சாகப் பொருந்தும் கணத்தில் ஊடுருவி வரும் ஒளி சட்டென்று குறையும். தகட்டை எவ்வளவு நகர்த்தினோம் என்பதே விண்மீனின் வேகம். மேயரும், மார்செயைச் சேர்ந்த ஒளியியல் வல்லுநர் ஆந்த்ரே பரானும் இந்த யோசனையை மேலும் வளர்த்து 1977இல் கோராவெல் என்ற கருவியைத் தென் பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் பொருத்தினார்கள். நொடிக்கு 300 மீட்டர் வரை நுட்பமாக வேகத்தை அது அளந்தது. விண்மீன் ஒன்றுக்குச் சில நிமிடம் போதும்.

ஜெனிவாவுக்கு நுட்பம் புதிதில்லை. 1772இல் தொடங்கிய அதன் வானாய்வகம், ஊரில் செய்யப்படும் கடிகாரங்களைச் சோதித்துத் தரச் சான்று கொடுக்கும் வேலையையும் நெடுங்காலம் செய்துவந்தது. கடிகாரப் போட்டிகூட நடத்தினார்கள். ஒரு நொடியின் பின்னத்துக்காகச் சண்டை போடும் ஊரில்தான் இப்படிப்பட்ட கருவி பிறக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

கோராவெல் கையில் கிடைத்ததும் மேயர் சுருள் கரங்களோடு நிற்கவில்லை. சூரியனை ஒத்த விண்மீன்களில் எத்தனை தனியாக இருக்கின்றன, எத்தனைக்குத் துணை உண்டு என்று எண்ணத் தொடங்கினார். அந்துவான் துகெனுவாவுடன் சேர்ந்து 1991இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது. ஏறக்குறைய பாதி விண்மீன்கள் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் இருக்கின்றன. எண்ணும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும் அல்லவா? துணையின் எடை குறைந்துகொண்டே போனால் எங்கே போய் முடியும்? விண்மீனாக எரியக்கூட எடை போதாத துணைகள் உண்டா? இன்னும் கீழே போனால் வியாழனைப் போன்ற கோள்? பால்வீதியின் கரங்களில் தொடங்கிய பாதை, விண்மீன் ஜோடிகள் வழியாக, கோளின் வாசலில் வந்து நின்றது இப்படித்தான். கோள் தேட வேண்டும் என்று யாரும் முதலில் திட்டம் போடவில்லை.

இப்போது ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். பார்க்காத கோளை எப்படிக் கண்டார்கள்? சின்னப் பிள்ளையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்பா தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைதான் பெரிய வட்டம் போடுகிறது. ஆனால் அப்பாவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்து சின்னதாக ஒரு வட்டம் போடுகிறார். இருட்டில் பிள்ளை தெரியாவிட்டாலும் அப்பாவின் தள்ளாட்டத்தை வைத்தே, கையில் ஒரு பிள்ளை இருக்கிறது, இன்ன கனம் இருக்கும், ஒரு சுற்றுக்கு இவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லிவிடலாம். வியாழன் நம் சூரியனை அப்படித் தள்ளாட வைக்கும் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். பூமி தள்ளாட வைப்பது நொடிக்கு 9 சென்டிமீட்டர். எறும்பு ஊர்வதைவிடக் கொஞ்சம் வேகம். கோராவெலின் 300 மீட்டர் இதற்கு எம்மாத்திரம்?

அதனால் எலோடி என்ற புதிய நிறமாலைமானியைக் கட்டினார்கள். ஓத்-ப்ரோவான்ஸில் 1958 முதல் இயங்கும் 1.93 மீட்டர் தொலைநோக்கியில் அது இணைந்தது. இதன் உள்வேலையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தொலைநோக்கியில் விழும் விண்மீன் ஒளி மெல்லிய ஓர் ஒளியிழைக்குள் புகுந்து, கீழே வேறோர் அறையில் இருக்கும் நிறமாலைமானிக்குப் போகிறது. கருவியைத் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டினால் தொலைநோக்கி திரும்பத் திரும்ப அதுவும் சாயும், கனத்தில் வளையும், கோடுகள் இடம் மாறும். அதனால்தான் அசையாத அறை. பக்கத்திலேயே இரண்டாவது ஒளியிழை ஒன்று ஒரு தோரியம் விளக்கின் ஒளியைக் கொண்டுவருகிறது. தோரியத்தின் கோடுகள் எங்கே விழவேண்டும் என்பது ஆய்வகத்தில் அளந்து வைத்த சங்கதி. அறையின் வெப்பமோ காற்றழுத்தமோ சற்று மாறிக் கருவி ஏமாற்றினால் தோரியம் காட்டிக்கொடுத்துவிடும். விண்மீனின் கோடுகளை அதனோடு ஒத்துப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு, பூமியின் சொந்த ஓட்டம். நாம் சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். கடைசியில் அவர்கள் கண்ட தள்ளாட்டமோ நொடிக்கு 59 மீட்டர். ஐந்நூறு மடங்கு பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைப் பிரித்தெடுக்க வேண்டும். நொடிக்கு 59 மீட்டர் என்றால், 500 நானோமீட்டரில் இருக்கும் ஒரு கோடு ஒரு நானோமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகரும். ஒற்றைக் கோட்டில் அது தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடுவதால்தான் தெரிகிறது. கிரிஃபினின் துளைத்தகடு எலோடியில் கணினி நிரலாக மாறியிருந்தது. அந்த நிரலை எழுதியவர் கெலோ.

இதே தேடலைப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கி, மிகுந்த உழைப்பும் போட்டவர்கள் கனடாவில் இருந்தார்கள். புரூஸ் கேம்பெல், கார்டன் வாக்கர் இருவரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு நிரப்பிய குடுவை ஒன்றை விண்மீன் ஒளியின் வழியில் வைத்து அளந்தார்கள். அந்த வாயு உலோகத்தை அரிக்கும், மனிதரைக் கொல்லும். அதைச் சூடாக வேறு வைத்திருக்க வேண்டும். ஹவாய்த் தீவு மலையுச்சியில் ஆண்டுக்குச் சில இரவுகளே கிடைக்க, 21 விண்மீன்களைப் பன்னிரண்டு ஆண்டு பார்த்தார்கள். வியாழன் போன்ற கோள் எதுவும் இல்லை என்று அவர்களின் கட்டுரை 1995 ஆகஸ்டில் அச்சேறியது. இரண்டே மாதத்தில் ஃபுளோரன்ஸ் அறிவிப்பு. காமா சிஃபை என்ற விண்மீனில் 1988இலேயே அவர்கள் ஓர் அறிகுறி கண்டு, விண்மீனின் குழப்பமாக இருக்கலாம் என்று பின்வாங்கியிருந்தார்கள். 2003இல் அங்கே கோள் உண்டு என்று உறுதியாயிற்று. அறிவியல் வரலாற்றில் இவர்களுக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் கட்சி.

அமெரிக்காவில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் லிக் வானாய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் தரவுகளைச் சேர்த்துவைத்திருந்தார்கள். ஆனால் அலசிப் பார்க்கவில்லை. வியாழன் ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. மற்ற இடத்துப் பெரிய கோள்களும் அப்படித்தானே இருக்கும், என்ன அவசரம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. இத்தனைக்கும் ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952இலேயே ஒரு சிறு கட்டுரையில், பெரிய கோள் விண்மீனுக்கு மிக நெருக்கமாக, ஒரு நாளில் சுற்றும்படிகூட இருக்கலாமே, அப்படி இருந்தால் இன்றைய கருவிகளாலேயே கண்டுவிடலாமே என்று எழுதியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1994இல் மேயரும் கெலோவும் 142 விண்மீன்களைப் பட்டியலிட்டுக்கொண்டு தேடத் தொடங்கினார்கள். சில காலம் கழித்து மேயர் ஹவாய்க்குப் போய்விட, இளைஞர் கெலோ தனியாகத் தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்டார். விண்மீனைப் பார்த்த சில நிமிடங்களில் வேகத்தைக் கணினி சொல்லிவிடும் என்பதே எலோடியின் பலம். 51 பெகாசியின் வேகம் நிலையாக இருக்கவில்லை, இரவுக்கு இரவு மாறிற்று. கெலோவுக்குக் குலை நடுங்கியது; கருவியில் கோளாறு, அல்லது தன் நிரலில் பிழை, எப்படியும் ஆய்வுப் பட்டம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தார். மறுபடி மறுபடி சோதித்தும் மற்ற விண்மீன்கள் ஒழுங்காக இருந்தன, இது மட்டும் 4.23 நாளுக்கு ஒருமுறை தள்ளாடியது. அப்படியானால் வியாழனில் பாதி எடை கொண்ட கோள் ஒன்று, நாலே கால் நாளில் ஒரு முழு ஆண்டை முடிக்கிறது. நம் புதன் சூரியனுக்கு இருப்பதைவிட ஏழு மடங்கு நெருக்கத்தில். ஆயிரம் டிகிரி கொதியில். ஹவாய்க்கு ஃபேக்ஸ் போயிற்று.

மேயர் அவசரப்படவில்லை. 1995 மார்ச்சில் பெகாசஸ் சூரியனுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இனி ஜூலையில்தான் தரிசனம். கோள் உண்மையென்றால் ஜூலையில் எந்த இரவில் என்ன வேகம் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஓத்-ப்ரோவான்ஸ் போனார்கள். அளந்தார்கள். போட்ட கணக்கில் பொருந்தி உட்கார்ந்தது. கேக் வெட்டி, உள்ளூர் ஒயின் குடித்து, அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சு விடாமல் இருந்தார்கள். சோதிடம் சொல்பவரும் அறிவியல் சொல்பவரும் முன்கூட்டியேதான் சொல்கிறார்கள். வேறுபாடு இதுதான்: ஜூலைக் கணக்கு பலிக்கும்வரை மேயர் எதையும் அறிவிக்கவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், டீச்சர்.

ஃபுளோரன்ஸ் அறிவிப்பு வந்த சில நாளிலேயே மார்சியும் பட்லரும் லிக்கில் நான்கு இரவு பார்த்துச் சரிதான் என்றார்கள். பிறகு வீட்டுக்கு ஓடித் தங்கள் பழைய தரவுகளை அலசினார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது தெரிந்தது. 1996 ஜனவரியில் இரண்டு கோள்களை அறிவித்தார்கள்.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள், இருக்கத்தான் வேண்டும். விண்மீனே விம்மித் தணிவதைத் தள்ளாட்டம் என்கிறீர்களோ என்று 1997இல் ஒரு கேள்வி எழுந்து, மறு ஆண்டே கேட்டவரே திரும்பப் பெற்றார். 1999இல் எச்டி 209458 என்னும் விண்மீனில், தள்ளாட்டக் கணக்கு சொன்ன நேரத்துக்கு, விண்மீனின் வெளிச்சம் ஒன்றரை சதவீதம் மங்கியது. கோள் அதன் முகத்துக்குக் குறுக்கே போனதுதான் காரணம். அதைக் கண்ட கருவிகளில் ஒன்று வெறும் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதோடு வாய்ப்பேச்சு ஓய்ந்தது. மேயரும் கெலோவும் 2019 இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். மறுபாதி ஜேம்ஸ் பீபிள்ஸுக்கு, பேரண்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய கோட்பாட்டுக்காக.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் இங்கே ஒரு முணுமுணுப்பு. "இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு" என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு வருகிறது. தள்ளாட்டம் நமக்குச் சொல்வது முக்கியமாக இரண்டு விஷயம்: சுற்றும் காலம், குறைந்தபட்ச எடை. குறைந்தபட்சம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கோளின் பாதை நமக்குப் பக்கவாட்டில் தெரிகிறதா, சாய்ந்து தெரிகிறதா என்று இந்த முறையில் தெரியாது, சாய்ந்திருந்தால் உண்மை எடை கூடும். தண்ணீர், காற்று, பச்சைப் புல்லெல்லாம் ஓவியர் வரைந்த படத்தில் மட்டும்தான். நம் இதழில் அந்த ஓவியங்களைப் போடவில்லை.

எலோடிக்குப் பின் ஜெனிவாக் குழு சிலியின் லா சியா மலையில் 2003இல் ஹார்ப்ஸ் கருவியை நிறுவியது. வெற்றிடப் பேழைக்குள், நூறில் ஒரு டிகிரிகூட மாறாத வெப்பத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. நுட்பம் நொடிக்கு 1 மீட்டர். நாம் கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கும் வேகம். உணரியின் மேல் ஒரு பிக்சலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரியின் கோளை 2016இல் லண்டனைச் சேர்ந்த ஒரு குழு கண்டதும் பெரும்பாலும் இந்தக் கருவியின் தயவால்தான்.

வழுக்கலும் உண்டு. ஆல்ஃபா சென்டாரி பி விண்மீனைப் பூமியின் எடையுள்ள ஒரு கோள் 3.24 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2012இல் ஜெனிவாக் குழு அறிவித்தது. தள்ளாட்டம் நொடிக்கு அரை மீட்டர். உலகமே கொண்டாடியது. 2015இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள், அளந்த இரவுகளின் இடைவெளிகளே அப்படி ஒரு போலித் தாளத்தை உண்டாக்கிவிட்டன, கோள் இல்லை என்று காட்டினார்கள். அந்த நுட்பத்தில் கருவியைவிட விண்மீன்தான் பெரிய தொல்லை. விண்மீனின் மேற்பரப்பு கொதிக்கிறது, கரும்புள்ளிகள் வருகின்றன, போகின்றன. எல்லாம் கோடுகளை அசைக்கும். அதனால் கேனரித் தீவில் உள்ள ஹார்ப்ஸின் தங்கைக் கருவியில் 2015 முதல் ஒரு வேடிக்கையான ஏற்பாடு: சின்ன லென்ஸ் ஒன்றை வைத்துப் பகலெல்லாம் நம் சூரியனையே அதற்குக் காட்டுகிறார்கள். சூரியனின் கோள்கள் எவை என்று நமக்கு முன்பே தெரியும். எனவே மிஞ்சும் அசைவெல்லாம் சூரியனின் சொந்தக் குறும்பு. அதைப் படித்துக்கொண்டால் அயல் விண்மீன்களின் குறும்பைக் கழிக்கலாம். பூமியின் 9 சென்டிமீட்டரை எட்ட இந்தப் பாடம் அவசியம். சிலியில் உள்ள மிகப்பெரிய தொலைநோக்கிகளோடு 2018 முதல் இயங்கும் எஸ்ப்ரெசோ அந்த எல்லையை நோக்கித்தான் போகிறது.

கோளில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஜெனிவாவில் மற்ற இரு வேலைகளும் நடக்கின்றன. ஐரோப்பாவின் கையா விண்கலம் பார்த்த விண்மீன்களில் வெளிச்சம் கூடிக் குறைபவற்றை வகைபிரிக்கும் பொறுப்பு இவர்களுடையது. 2022இல் வந்த பட்டியலில் ஏறக்குறைய ஒரு கோடி மாறொளி விண்மீன்கள். தொலைதூர மண்டலங்களைப் பார்ப்பவர்கள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு, பேரண்டம் தோன்றி நூறு கோடி ஆண்டு முடிவதற்குள்ளேயே ஏறக்குறைய நம் பால்வீதி அளவுக்கு விண்மீன்களைத் திரட்டிவிட்ட மூன்று மண்டலங்களை 2024இல் அறிவித்தார்கள். தூசியால் சிவந்து கிடப்பதால் செவ்வரக்கர்கள் என்று செல்லப் பெயர். கிடைத்த வாயுவில் ஏறக்குறைய பாதியை அவை விண்மீனாக்கிவிட்டன, வழக்கத்தைவிட மிக அதிகம். ஏன் என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவற்றின் தூரம் எப்படித் தெரிந்தது? மறுபடியும் கோடுதான். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656 நானோமீட்டரில் பிறந்து, வரும் வழியில் வெளி விரிய விரியத் தானும் நீண்டு, 4,000 நானோமீட்டருக்கு அப்பால் வந்து விழுந்திருக்கிறது. கோளில் பத்தாயிரத்தில் ஒரு நானோமீட்டர், மண்டலத்தில் மூவாயிரத்துக்கு மேல். அளவுகோல்தான் வேறு.

கடைசியாக நம் ஊர்ச் சமாசாரம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. அயல் விண்மீனுக்குக் கோள் இருக்கிறது என்று தொலைநோக்கி அளவீடுகளை வைத்து எழுந்த முதல் உரிமைக்குரல்களில் ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூகி என்ற இரட்டை விண்மீனின் பாதை கணக்குப்படி போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதாக இருக்கலாம் என்று 1855இல் எழுதினார். அப்போது வேகத்தை அளக்க வழியில்லை, இடத்தைத்தான் அளந்தார். கோள் எதுவும் அங்கே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் யோசனையின் முறை மேயருடையதேதான்: விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து கோளை ஊகிப்பது. அதே வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். கையாவின் ஒரு கோடியோடு ஒப்பிட்டால் ஒன்றுதான். ஆனால் அவர் அதைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பிடித்தார்.

அந்த வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். மழை வரும் வராது என்று கேட்க மட்டும் அந்த வளாகத்தை நினைக்கிறோம். மாணவர்களை அனுமதி வாங்கி அங்கே அழைத்துப் போன ஆசிரியர்கள் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், தூணின் படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். நவம்பர் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். தை மாதத்தில் பூரட்டாதிப் பக்கம் பைனாகுலரைத் திருப்பியவர்களின் கடிதங்களுக்கு மாசி இதழில் இடம் உண்டு.



அன்புடன்,
ஆசிரியர்